கல்லின் நேரமும் எங்கள் நேரமும்

"டாஸ் றாட்" என்றால் ஜேர்மன் மொழியில் சில்லு. 2001இல் லுட்விக்ஸ்பூர்க்கிலுள்ள பாடன்-வுர்ட்டம்பேர்க் திரைப்படக் கல்லூரியின் மாணவர் மூவர், கிறிஸ் ஸ்ரென்னர், ஆர்விட் உய்பெல், கைடி விற்லிங்கர், செய்த எட்டு நிமிட அசைவூட்டப் படம் இது. 2003இல் ஒஸ்காருக்கான பரிந்துரைப் பட்டியல் வரை போனது. விருது வேறொரு படத்துக்குப் போய்விட்டது. அதுபற்றி எமக்குக் கவலையில்லை. ஊன்ட்றொப்பில் றெஸ்ரோறன்ற் பூட்டும் திங்கட்கிழமைகளில் கூடும் நாங்கள் நாலைந்து பேர் இதைப் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டோம். எம்மவர் மத்தியில் இதுபற்றிப் பேச்சே இல்லை. படம் என்றால் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலமும் ஐந்து பாட்டும். மற்றதெல்லாம் பிள்ளைகளுக்குச் சோறு தீத்துவதற்கு.

கதை இவ்வளவுதான். ஒரு மலைச்சரிவில் இரண்டு கல்லுருவங்கள் குந்தியிருக்கின்றன. பாசி பிடித்துக் கடிக்கிறது என்று புறுபுறுக்கின்றன. அவை அசையும்போது மனிதர்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடி மறைகிறார்கள். மனிதரின் நேரத்துக்குப் படம் மாறும்போது கற்கள் வெறும் கற்களாக உறைந்துவிடுகின்றன. மனிதன் ஒருவனின் கண்ணில் சில்லு படுகிறது. பிறகு பாதை வருகிறது, ஊர் வருகிறது, நகரம் கற்களின் காலடிவரை நெருக்கிக்கொண்டு வருகிறது. பின்னர் அதுவும் போய் மலை மறுபடி பச்சையாகிறது.

பொம்மையும் கணனியும் சேர்ந்து செய்த படம் இது. இப்போது இப்படிக் கலப்பது ஒரு பாணியாகிவிட்டது. 2009இல் வந்த "குறூஃபலோ" படத்திலும், எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும், காடு கையால் செய்த மாதிரி, மிருகங்கள் கணனியில் பிறந்தவை. அழகான படம்தான். ஆனால் அங்கே கலப்பு அழகுக்காக வந்தது. "டாஸ் றாட்" படத்தில் கலப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதே எமது கருத்து. கல்லுக்கு ஒரு பாரம் வேண்டும், சொரசொரப்பு வேண்டும். விநாடிக்கு 24 சட்டம் என்று வைத்தால் எட்டு நிமிடத்துக்குப் பதினோராயிரத்துக்கு மேல். பொம்மையைத் தொட்டு, ஒரு மயிரிழை நகர்த்தி, கையை எடுத்து, ஒரு படம் பிடித்து, மறுபடி தொடுவது: இந்த வேலையின் மந்தமே கல்லின் நேரமாகிவிடுகிறது. எது கை, எது கணனி என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். சில இடங்களில் பிரித்தறிய முடியவில்லை. எங்கள் குசினியிலும் உருளைக்கிழங்கின் தோலை மெசின் உரிக்கும். கண்களை நாங்கள்தான் கத்தியால் தோண்டியெடுக்கவேண்டும். தட்டில் வரும்போது அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இப்படத்துடன் எமக்கு ஒரு வழக்கு உண்டு. நகரம் அழிந்து பச்சை திரும்புகிற இடத்தில் எங்களோடு படம் பார்த்த ஜேர்மன் நண்பர் சிரித்தார். எங்களால் சிரிக்க முடியவில்லை. சில்லைக் கண்ட அந்த மனிதனுக்கு ஒரு முகம் கிடைக்கிறது. பிறகு வருபவர்கள் வாகன வெளிச்சமாகவும் கோடாகவும் ஆகிவிடுகிறார்கள். கல்லின் கண்ணால் பார்ப்பதற்கு ஒரு வசதி வேண்டும்: யாரும் வந்து எழுப்பாத ஒரு மலை வேண்டும். அந்தக் கோட்டுக்குள்ளே ஓடியவர்கள் நாங்கள். விசா முடிகிற திகதியைக் கணக்கிட்டு வாழ்கிறவனுக்கு ஆயிரம் வருடத் தத்துவம் உடனே செமிக்காது.

காசல் கலைக்கல்லூரியின் மாணவர் படமான "குவெஸ்ற்" (1996) எங்களுக்கு நெருக்கமாக இருப்பது இதனாலாக இருக்கலாம். ரைறோன் மொன்கோமரி இயக்கி, தோமஸ் ஸ்ரெல்மாக் தயாரித்த இப்படம் 1997இல் ஒஸ்கார் வென்றது. அதில் ஒரு மணல் மனிதன் தண்ணீர் தேடிக் கடதாசி உலகத்துக்கும், கல் உலகத்துக்கும், இரும்பு உலகத்துக்கும் போகிறான். ஒவ்வொரு நிலமும் அவனைத் தன் வழியில் உதைக்கிறது. கமெரா அவனை விட்டு விலகுவதில்லை. முடிவை இங்கே எழுதப்போவதில்லை, பார்க்கவேண்டும்.

இந்த விவாதம் எங்களுக்குள் சூடானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எம் நண்பர் ஒருவரின் மகள் வடிவமைப்புப் படிக்கிறா. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் தென்மராட்சி நோக்கி நடந்ததைத் தன் படிப்புக்கான குறும்படமாகச் செய்யத் தொடங்கினா. எங்களில் சிலர் அந்த இரவில் தாயின் இடுப்பில் இருந்தவர்கள். கடதாசியில் வெட்டிய உருவங்களை ஸ்கான் செய்து கணனியில் நடக்கவிட்டிருந்தா. மழை நல்லாயிருந்தது. சைக்கிளில் கட்டிய மூட்டை நல்லாயிருந்தது. அந்த வழியால் நடந்து வந்த அவவின் அம்மம்மா மட்டும் முகத்தைச் சுழித்தா.

"பிள்ளை, இதுகள் நடக்கேல்லை. வழுக்கிக்கொண்டு போகுதுகள்."

"இல்லை அம்மம்மா, முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் குடுத்தால் நடுவில உள்ளதை அது தானே போடும்."

"நடுவிலதானே நாங்கள் நடந்தனாங்கள்."

எங்கள் கட்டுரை முழுவதையும் கிழவி ஒரு வரியில் சொல்லிவிட்டா. கணனி கூடாது என்பதல்ல இதன் பொருள். மழையைக் கணனியே பெய்யட்டும், தூரத்துச் சனத்தையும் அதுவே பெருக்கட்டும். கால் நிலத்தில் அழுந்துகிற இடத்தை மட்டும் அதனிடம் கொடுக்க முடியாது. இரவு முழுவதும் நெருக்கத்தில் ஓரடி எடுத்து வைக்கக் காத்துநின்ற நடை அது. ஒரே சீராய் ஓடும் கணக்கில் அது அடங்காது.

இப்போது அவ கண்ணாடித் தட்டில் உப்பைப் பரப்பி, மேலே கைத்தொலைபேசியைக் கட்டி, கால்களை விரலால் நகர்த்திப் படம்பிடிக்கிறா. விநாடிக்குப் பன்னிரண்டு படம். உப்பு வாங்கிக் கொடுத்தது நாங்கள், ஐந்து கிலோ. சென்ற திங்கட்கிழமை வரை பதினொரு விநாடி முடிந்திருக்கிறது. நாவற்குழிப் பாலம் இன்னும் வரவில்லை.