தவப் பூனையும் தெருப் பூனையும்

மாமல்லபுரத்தில் 'அர்ச்சுனன் தவம்' பாறைச் சிற்பத்தைக் காண்போர் பெரிய யானையோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் அதன் முன்புறம், கீழே பாருங்கள். கி.பி. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பியின் பூனை ஒன்று எழுந்து நின்று, முன்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்கிறது, அருகே எலிகள்!

கேலி அருமை. விலங்கியல் நோக்கில் பாதிதான் சரி. நகத்தைப் பிறாண்டும் பூனை மரத்தைப் பற்றி இப்படித்தான் நிமிரும். தெருப்பூனையை வீட்டில் வளர்க்கிறீர்களா? ஒரு மரக்கட்டை வையுங்கள். இல்லையேல் கதவு நிலைதான் அகப்படும்.

ஆனால் 'போலித் தவசி' என்ற தீர்ப்பை நான் ஏற்கமாட்டேன். வேட்டை உந்துதல் பசியை மட்டும் சார்ந்ததன்று. வயிறு நிறைந்த பூனையும் எலி ஓடினால் பாயும். சோறு போட்டும் அணிலைக் கொன்றதே என்று மறுபடி தெருவில் விடுவோர் இதை அறிவதில்லை. பிறந்த 2 முதல் 7 வாரங்களுக்குள் மனிதர் கையில் பழகாத பூனைக்கு நம்பிக்கை மெல்லத்தான் வரும். முதலில் ஓர் அறை, ஒளிய ஒரு பெட்டி, மணல் தட்டு போதும். தூக்கிக் கொஞ்சாதீர்கள், அதுவே வரட்டும்.

அஞ்சாத எலிகள்? அவை சிற்பியின் கற்பனை.