பரணியில் அச்சமும் நகையும்

கலிங்கத்துப் பரணியைக் கற்பிக்கும் நம்மவருள் பலர் கடைதிறப்பைச் சிற்றின்பமென்று கடந்துவிடுவர். பேய்கள் கூழ் அடும் பகுதியை அருவருப்பென்று விட்டுவிடுவர். பயிற்சி முடித்து வந்த புதிதில் நானும் அவ்வாறே செய்தவன். இன்று அதனைப் பெரும்பிழையென்றே கருதுகிறேன். பரணியின் உயிர் அக்கூழ்ப் பானையிலேதான் கொதிக்கின்றது.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றான். அதனைச் சயங்கொண்டார் பாடினார். போர் ஓய்ந்த களத்திற்குக் காளி வருகிறாள். நெடுநாட் பசி தீரப் பேய்கள் சமைக்கத் தொடங்குகின்றன.

அச்சம் பிறக்கும் நிலைக்களன்களுள் அணங்கை முதலில் வைத்தார் தொல்காப்பியர். அதனுள் பேயையும் அடக்குவர் பேராசிரியர். நகைக்கோ எள்ளல், இளமை, பேதைமை, மடன் என வேறு நான்கு. சயங்கொண்டார் இரண்டையும் ஒரே பானையில் இடுகிறார். பேய்கள், நம் வீடுகளிற்போலவே, சமையலுக்கு முன் பல் துலக்கி நீராடுகின்றன. பல்குச்சி யானைக் கொம்பு. நாக்கு வழிக்க யானையின் விலாவெலும்பு. இதுவரை சிரிப்புத்தான். அடுத்து அரிசி வேண்டும். கல்லைக் கடித்துப் பல்லுடைந்து கவிழ்ந்து வீழ்ந்த கலிங்க வீரரின் பற்களே பழவரிசி! சமையற்கட்டுச் சொல்லுக்கு நகைக்க வாய் திறக்கும்போதே, மண்ணில் முகம் புதைந்து இறந்தவனைக் கண்டுவிடுகிறோம். புலவர் ஓலமிட்டுப் பாடியிருந்தால் இத்துணை ஆழமாகத் தைத்திருக்குமா?

பந்தியிலே சமணப் பேய்க்கு மயிர் நீக்கி, நிணத்துகிலால் வடித்து வார்க்கச் சொல்கிறார். பிறர் சமயத்தை எள்ளும் இந்நகை எனக்கு உவப்பன்று. பார்ப்பனப் பேயையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பதால் அது நேராகிவிடாது. குருட்டுப் பேயின் பாட்டோ வேறு வகை. கள்ளப் பேயொன்று அதன் உண்கலத்தை ஒளித்துவிடுகிறது. அது தடவித் தடவிப் பார்த்துக் காணாமல் அரற்றுகிறது. அதன் கையிலேயே கூழை வாருங்கள் என்று குரல் எழுகிறது. மாலை வகுப்பில் இதனைப் படித்தபோது, முதலில் சிரித்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அமைதியாயினர். நகையும் அச்சமும் இருந்த இடத்தில் மூன்றாவதாக அழுகையும் வந்து அமர்ந்துகொண்டது.

இதனைக் கொண்டு சயங்கொண்டார் போரை வெறுத்தவர் என்று நாட்ட முயல்வோர் உளர். நான் உடன்படேன். அவர் அரசவைப் புலவர். வயிறு நிறைந்த பேய்கள் குலோத்துங்கனையே வாழ்த்துகின்றன. ஆனால், அவ்வாழ்த்துரைக்கும் வாய்கள் சற்றுமுன் எவருடைய பல்லரிசியை உண்டன என்பதை அவர் மறைக்கவில்லை.