சேற்றில் பிறந்த சைக்கிள்

பெல்ஜியத்தில் குளிர்கால ஞாயிற்றுக்கிழமை என்றால் சேறுதான். ஜனங்கள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கையில் பீர் கிளாஸோடு வயல்வெளியில் போய் நிற்பார்கள். நடுவில் மூன்று கிலோமீட்டர் சுமாருக்கு ஒரு சுற்றுப்பாதை. புல், மணல், களிமண், படிக்கட்டு எல்லாம் உண்டு. போதாக்குறைக்கு 40 சென்டிமீட்டர் உயரத்தில் பலகைத் தடுப்பு வேறு. சைக்கிளிலிருந்து குதித்து, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, மறுபடி தாவி ஏறி மிதிக்க வேண்டும். மொத்தம் ஒரு மணி நேர அவஸ்தை. பெயர் சைக்ளோகிராஸ். 1902-லேயே பிரான்ஸில் தேசியப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். 1950-ல் பாரிஸில் முதல் உலகப் போட்டி. ஜெயித்தவர் ழான் ரோபிக். மூன்று வருடம் முன்பு டூர் டி பிரான்ஸை ஜெயித்த அதே மனிதர்!

சரி, இதற்கும் தினமும் அடையாறிலிருந்து துரைப்பாக்கத்துக்கு ஆபீஸ் போகிற உங்களுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. ரேஸ் சைக்கிள் என்று பொதுவாகச் சொல்கிறோமே, வளைந்த ஹேண்டிலோடு, அதில் ரொம்ப காலத்துக்கு 23 மில்லிமீட்டர் டயர்தான். விரல் தடிமன். சாலையில் ஒரு ஜல்லிக்கல் கிடந்தால் முதுகெலும்புக்குத் தகவல் போய்விடும். சைக்ளோகிராஸ் வண்டியும் பார்க்க அப்படியேதான் இருக்கும். ஆனால் டயர் 33 மில்லிமீட்டர் (பந்தய விதி அதற்கு மேல் அனுமதிப்பதில்லை). அகலமான டயரில் காற்றைக் குறைவாக அடிக்கலாம். குண்டும் குழியும் அவ்வளவாகத் தெரியாது. வேகமும் பெரிதாகக் குறையாது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேலைக்கு சைக்கிளில் போகிறவர்கள் இதைக் கண்டுபிடித்து, சேற்றுப் பக்கமே போகாமல் இந்த வண்டியை வாங்க ஆரம்பித்தார்கள். வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம். ஒரே வண்டி, இரண்டு வேலை. கம்பெனிகள் சும்மா இருக்குமா? அதே வடிவத்தைக் கொஞ்சம் இளக்கி, இன்னும் தடியான டயர் போட்டு, 'கிராவல் பைக்' என்று புதுப் பெயர் வைத்து விற்கிறார்கள். நம்மூர்க் கடைகளில் அதிகம் கண்ணில் படுவது இந்தத் தம்பிதான்.

டயர் விஷயத்தில் நூற்றுக்கு நூறு மார்க் தந்துவிடலாம். சென்னை ரோடுக்கு (அதை ரோடு என்று ஒப்புக்கொண்டால்) 35-லிருந்து 40 மில்லிமீட்டர் டயர் ரொம்பப் பொருத்தம்.

மற்றதெல்லாம்தான் தகராறு.

பந்தய வீரருக்கு ஒரு மணி நேரம்தான் வேலை. ஓரத்தில் உதிரி சைக்கிளோடு ஆள் நிற்கிறார். சேறு அப்பினால் வண்டியை மாற்றிக்கொள்வார், பழையதை இன்னொருவர் பீய்ச்சிக் கழுவுவார். உங்களுக்கு யார் நிற்கிறார்கள்? பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகள் பலவற்றில் மட்கார்டு மாட்டத் துளையே கிடையாது. கேரியருக்கும் கிடையாது. ஐப்பசி மழையில் வேளச்சேரி வழியாக ஒரு தடவை போய்ப் பாருங்கள். பின்சக்கரம் வாரி இறைப்பதெல்லாம் சட்டை முதுகில் நேர்கோடாக வந்து உட்காரும். அதோடு போய் மீட்டிங்கில் உட்கார முடியாது. பையை முதுகில் மாட்டலாமே என்பீர்கள். சித்திரை வெயிலில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

துளை இருக்கிற வண்டியிலும் ஒரு சிக்கல். பந்தய வண்டி சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காகச் சக்கரங்களை நெருக்கமாக வைத்திருப்பார்கள். கேரியரில் பை தொங்கவிட்டால் குதிகால் இடிக்கும். மெதுவாக ஹேண்டிலை ஒடித்துத் திருப்பும்போது ஷூ நுனி முன்சக்கரத்தில் உரசும். டிராஃபிக்கில் நாம் செய்வதே மெதுவாக ஒடித்துத் திருப்புவதுதானே! மேடு பள்ளத்தில் பெடல் இடிக்காமலிருக்க, பெடல் சுழலும் அச்சையும் பல மாடல்களில் ஒரு சென்டிமீட்டர் உயர்த்தியிருப்பார்கள். ஸீட்டும் கூடவே உயரும். சிக்னலுக்குச் சிக்னல் நுனிக்காலில் தவிக்க வேண்டும். சிறிய விஷயம் மாதிரி தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை சிக்னல் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் தாத்தாக்கள் ஓட்டிய கறுப்பு சைக்கிளை நினைத்துப் பாருங்கள். முழு மட்கார்டு, செயினை மூடும் கவர், கேரியர், ஸ்டாண்டு, டைனமோ. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்த காலத்திலிருந்து, தினசரி வேலைக்குப் போகிறவனுக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்த விஷயமாகத்தான் இருந்தது. கனம்தான் இருபது கிலோ சுமாருக்கு. அதில் பாதிதான் புது வண்டி. குறைந்த பத்து கிலோவில் இரும்பு மட்டுமா போனது, உபயோகமும் சேர்ந்து போய்விட்டது.

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் லெட்ஜர் ஞாபகம். கடைக்காரர் சொல்லும் விலை மூலதனச் செலவு. நடப்புச் செலவை அவர் சொல்ல மாட்டார். கறுப்பு சைக்கிளின் சக்கரத்துக்கு 635 மில்லிமீட்டர் ரிம், இதற்கு 622. அந்த டயர் இதற்கு ஏறாது. பஞ்சர் கடைக்காரருக்குத் தெரிந்தது வால்வு டியூபும் பைக் வால்வும். இதில் இருப்பது பெரும்பாலும் மெல்லிய ஊசி வால்வு. திருவான்மியூர் டெப்போ பக்கம் நடுரோட்டில் காற்று இறங்கினால், கம்ப்ரஸரும் இருக்கும், நல்ல மனசும் இருக்கும், காற்று மட்டும் ஏறாது. பித்தளையில் சின்ன அடாப்டர் ஒன்று கிடைக்கிறது. வண்டி வாங்குகிற அன்றே வாங்கி சாவிக்கொத்தில் கோத்துவிடுங்கள். ஓர் உதிரி டியூபும் பையில் இருக்கட்டும்.

பிரேக்கில் டிஸ்க் நல்லது. மழையிலும் பிடிக்கும், ரிம்மும் தேயாது. ஆனால் கேபிளால் இயங்கும் டிஸ்க்காகக் கேளுங்கள். எண்ணெயில் இயங்குவது இன்னும் நன்றாகப் பிடிக்கும், நிஜம். ரிப்பேர் என்றால் அதற்கென்று கருவியும் ஆளும் தேட வேண்டும். கேபிளை ஓவராயிலிங் செய்கிற எந்தக் கடையிலும் மாற்றிவிடுவார்கள். வளைந்த ஹேண்டில் பழகாதவர்கள், மேல் நேர்ப்பகுதியிலும் ஒரு ஜோடி பிரேக் பிடி வைக்க முடியுமா என்று கேட்கலாம். ஆட்டோ திடீரென்று நிற்கும்போது கை அங்கேதான் இருக்கும்.

கியர்? சென்னையில் மேம்பாலம்தான் மலை, எதுவும் போதும். ஏலகிரியின் பதினாலு வளைவிலோ, கொல்லிமலையின் எழுபதிலோ ஏறுகிற ஆசை இருந்தால் பந்தய கியர் முழங்காலைக் கேட்கும். முன்னால் 36 பல், பின்னால் பெரியது 28 என்றால், ஒரு மிதிக்குச் சக்கரம் ஒன்றேகால் சுற்றுக்கு மேல் போகிறது. 34-க்கு 34 இருந்தால் சரியாக ஒரு சுற்று. நாற்பது வயதுக்கு மேல் அந்தக் கால் சுற்று என்ன என்பது ஐந்தாவது வளைவில் புரியும்.

கடையில் நடக்கிற விபரீதம் இதுதான். வாங்குகிறவர் மனசில் ஓடுவது ஞாயிற்றுக்கிழமை. விடிகாலை ஐந்தரை மணி, காலியான ஈ.சி.ஆர்., வலது பக்கம் கழிமுகம், மாமல்லபுரத்தில் காபி. அந்தக் காட்சிக்குப் பணம் கட்டிவிட்டு, திங்கட்கிழமை தண்ணீர் லாரிக்குப் பின்னால் நிற்கிறார். ஒரு மழைக்காலம் பார்த்ததும் வண்டி பால்கனிக்குப் போகிறது. ஹேண்டிலில் துண்டு காய்கிறது. மனுஷன் பழையபடி மோட்டார் பைக்கில். காசு போனதைவிட, 'சைக்கிளெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார் பாருங்கள், அதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஒத்துவராதது அந்த வண்டி.

திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் வாங்குங்கள். நாலு இடத்தில் துளை, தடியான டயர், நீளமான வண்டி, லேசான கியர். அப்படிப்பட்ட வண்டி ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போகும். ஒரு பத்து நிமிஷம் லேட்டாகப் போகும், அவ்வளவுதான். ஆபீஸ் நாலைந்து கிலோமீட்டருக்குள் என்றால் இந்தச் சமாசாரமே வேண்டாம். மட்கார்டு போட்ட சாதா சைக்கிள் போதும்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கிறது. மிச்சமாகும் பணத்தில் கடைக்காரர் இன்னும் இருநூறு கிராம் லேசான மாடலைக் காட்டுவார். மட்கார்டும் பூட்டும் பின்விளக்கும் கேளுங்கள்.