கிறித்தவத் தமிழ் அருளுரைகளில் எளிமை: ஒரு மதிப்பீடு

சீர்திருத்தச் சபைகளில் பிரசங்கம் என்றும் கத்தோலிக்கத் திருச்சபையில் மறையுரை என்றும் வழங்கும் அருளுரை, எளிய மக்களுக்கு விளங்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எளிமை யாது என்பதிலேயே வேறுபாடு உள்ளது. இவ்வினா பெரும்பாலும் சொற்றேர்வுச் சிக்கலாகவே அணுகப்பட்டுள்ளது. பெப்ரிசியசு கையாண்ட 'பராபரன்' 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் 'தேவன்' ஆயிற்று. 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் 'கடவுள்' ஆயிற்று. அவ்வாறே 'இரட்சிப்பு' 'மீட்பு' என்றும், 'சுவிசேஷம்' 'நற்செய்தி' என்றும் மாறின. வடசொல் நீங்கின் பொருள் விளங்கும் என்னும் கருத்து ஓரளவே பொருந்தும்.

ஒரு சொல் பழகியிருத்தல் வேறு. அதன் பொருள் விளங்கியிருத்தல் வேறு. 'இரட்சிப்பு' சபையார் அடிக்கடி கேட்கும் சொல். ஆயினும் சபைக்கு வெளியே அதன் வழக்கு அரிது. எனவே பொருள் மங்கி, வெறும் பெயராக நின்றுவிட இடமுண்டு. 'மீட்பு', அடகு வைத்த நகையை மீட்டல் என்னும் அன்றாட வழக்கோடு தொடர்புடையது. விலை கொடுத்துத் திரும்பப் பெறுதல் என்னும் கருத்தைக் கேட்போர் எளிதில் பற்றுவர். இங்குப் பயன் தருவது வழக்கின் உயிர்ப்பே. 'நீதிமான்' இவ்விரண்டினும் இடர் மிக்கது. நேர்மையாக நடப்பவன் என்றே மக்கள் அதனைக் கொள்வர். பவுலின் திருமுகங்களிலோ, தன் தகுதியாலன்றிக் கடவுளால் ஏற்கப்பட்டவன் என்னும் பொருளும் அதன்மேல் நிற்கிறது. தெரிந்த சொல்லாதலின் கேட்போர் ஐயுறார், பிழைபடவே விளங்கிக்கொள்வர்.

தொடரமைப்பும் கருதத்தக்கது. 'பாவத்தினால் அடிமைப்படுத்தப்பட்ட மனுக்குலத்தின் விடுதலைக்காக அளிக்கப்பட்ட அன்பின் வெளிப்பாடு' என்னும் தொடரில் அரிய சொல் ஏதுமில்லை. எனினும் செய்தவர் யார் என்பது தோன்றவில்லை. படிப்பவர் மீண்டும் படிக்கலாம்; கேட்பவர்க்கு அவ்வாய்ப்பில்லை. 'மனிதர் பாவத்துக்கு அடிமையாக இருந்தனர். கடவுள் அவர்களை விடுவித்தார். அன்பினால் அதைச் செய்தார்' எனப் பிரித்தால் வினைமுதல் வெளிப்படும்.

இரட்டை வழக்குப் பற்றி 1959-இல் எழுதிய பெர்குசன், வழிபாட்டிடச் சொற்பொழிவை உயர்வழக்குக்கு உரியதாக வகுத்தார். தமிழ் அருளுரை முழுவதும் அவ்வாறு அமைவதில்லை. மறைநூல் வாசகமும் கோட்பாட்டு விளக்கமும் எழுத்து வழக்கை ஒட்டி நிற்க, கதையும் எடுத்துக்காட்டும் பேச்சு வழக்குக்கு இறங்கி வருவது இயல்பு. அவ்விடத்துக் கதை மனத்தில் தங்கும். அது விளக்க வந்த கருத்து நழுவும். கருத்தையே முதலில் பேச்சு வழக்கில் விளக்கிப் பின்னர் மறைநூல் தொடரோடு பொருத்துதல் இக்குறையை நீக்கும்.

எனவே அருளுரையாளர்க்கெனச் சொற்பட்டியல் தொகுப்போர், பழகி விளங்கிய சொல், பழகியும் விளங்காத சொல், விளங்கியதுபோல் மயக்கும் சொல் என மூவகையாகப் பகுத்தல் வேண்டும். மூன்றாம் வகையே முதற்கண் ஆராயத்தக்கது.