அமலனாதிபிரானும் ஓவியக் கண்ணும்

தஞ்சாவூர் ஓவியத்தில் பள்ளிகொண்ட பெருமாளைச் சேவிப்பவர் கண் பெரும்பாலும் திருமுகத்திற்கே முதலில் செல்லும். திருவடிக்கு வரச் சற்று நேரமாகும். திருப்பாணாழ்வாரோ திருவடியில் தொடங்கித் திருவாடை, உந்தி, உதரபந்தம், திருமார்பு, கழுத்து, திருவாய், திருக்கண்கள் என ஏறி, ஒன்பதாம் பாசுரத்திலேயே திருமேனி முழுவதிலும் ஈடுபடுகிறார்.

இதனைப் பாதாதிகேச வருணனை என்று சொல்லி அமைவது போதாது. முதற்பாசுரத்தில் திருவடி தானே வந்து கண்ணுள் புகுகிறது; இரண்டாவதில் ஆழ்வார் சிந்தனை ஆடையை நாடிச் செல்கிறது; நான்காவதில் உதரபந்தம் உள்ளத்துள் நின்று உலவுகிறது. அவயவங்களின் அழகை ஓவியன் எழுதிவிடலாம். அவை ஆழ்வாரைப் படுத்தும் பாட்டை எழுதுவது அரிது. வேதாந்த தேசிகர் இப்பிரபந்தத்திற்கு இட்ட வியாக்கியானத்தை ‘முனிவாஹன போகம்’ என்றே வழங்கினார். போகமாவது அநுபவம், பத்தாம் பாசுரத்தில் ஆழ்வார் பேசுவதும் கண்ட தம் கண்களைப் பற்றியே.