எக்ஸ்டி பலகையின் பெரட்டு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் எல்லாரும் வந்து நிற்பார்கள். பெயர் கூப்பிடப்படும், குரல் வரும், அடுத்த பெயர். குரல் வராத இடத்தில் கணக்கு நிற்கும். எல்லாப் பெயரும் முடிந்த பிறகுதான் நிரையைப் பார்த்து நடை. பழைய ஐபிஎம் எக்ஸ்டி வகைக் கணினியின் தாய்ப்பலகைக்கு மின்சாரம் கொடுத்ததும் அதற்குள் நடப்பதும் பெரட்டுதான். பெயர் கூப்பிடுவது பயோஸ் என்ற தொடக்க நிரல். குரல் கொடுக்க வேண்டியவை செயலி, நேரச் சில்லு, நினைவகம், திரை அட்டை, விசைப்பலகை, பிளாப்பி டிரைவ். இந்த வரிசையைக் காதாலும் கண்ணாலும் பின்தொடர்ந்து, தடைப்பட்ட இடத்தைக் கண்டு திருத்தி, கடைசியில் ஒரு பிளாப்பியிலிருந்து கணினியை எழுப்புவதைப் போல மனம் நிறைக்கும் கைவேலை எனக்குத் தெரிந்து வேறில்லை. உறக்கத்திலிருந்து விழிப்பு வரை தான் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியையும் ஒரு தனி மனிதர் முழுமையாக அறிந்துகொள்ள இடம் தரும் இயந்திரம் இது.

எங்கள் புக்கிட் பெலண்டோக்கின் பெயரை உலகம் 1999இல் நிப்பா நோயால் தெரிந்துகொண்டது. போர்ட்டிக்சன் மாவட்டத்தின் இந்தப் பகுதியிலிருந்து அப்போது குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். அப்படி ஆளின்றிப் பூட்டிய அறைக்குள் நெகிரி செம்பிலானின் ஈரக்காற்று என்னென்ன செய்யும் என்பது இங்குள்ளவர்களுக்கு நன்றாகவே தெரியும். இரும்பில் துரு ஏறும், காகிதத்தில் பூசணம் பூக்கும், தோல் பொருள்கள் வெளுத்துப் போகும். கணினிப் பலகை மட்டும் வியப்பூட்டும் அளவுக்குத் தாக்குப் பிடிக்கிறது. நான் மிகவும் நேசிக்கும் பலகை, இந்தச் சுற்றுவட்டாரத் தோட்ட அலுவலகம் ஒன்றில் கிராணி எனப்படும் எழுத்தரின் மேசையிலிருந்து செக்ரோல் என்ற கூலிக் கணக்கைப் போட்டது. பிறகு பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்தது. தூசியைத் துடைத்ததும் ஈயப் பற்றுகள் இன்றும் வெள்ளி போல மின்னின.

ஐபிஎம் தன் முதல் பிசியை 1981 ஆகஸ்டிலும் எக்ஸ்டியை 1983 மார்ச்சிலும் வெளியிட்டது. அதோடு அந்நிறுவனம் செய்த இன்னொரு காரியம் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய கொடை. பலகையின் மின்சுற்று வரைபடத்தையும் பயோஸ் நிரலின் முழு வரிகளையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டு விற்றது. எந்தக் கம்பி எங்கே போகிறது, முதல் கட்டளை என்ன, ஐம்பதாவது கட்டளை என்ன என்று அதில் படிக்கலாம். பின்னர் தைவானில் இதே அமைப்பில் எண்ணற்ற பலகைகள் பிறந்தன. எங்கள் ஊர் அலுவலகங்களுக்கு விலை குறைந்து வந்து சேர்ந்தவை அவைதாம். இவற்றின் நடுவே இருக்கும் இண்டெல் 8088 செயலியில் ஏறக்குறைய 29,000 டிரான்சிஸ்டர்கள் உண்டு. இன்றைய கைப்பேசிச் சில்லில் இருப்பவை ஆயிரம் கோடியைத் தாண்டும். 29,000 என்பது மனித மனம் சுற்றிவரக்கூடிய ஊர்.

பலகையை முதலில் கண்ணால் வாசிக்க வேண்டும். இடப்பக்கம் விரிவாக்க அட்டைகளுக்கான எட்டு ஸ்லாட்டுகள். ஒரு மூலையில் நினைவகச் சில்லுகள் ஒன்பது ஒன்பதாக நான்கு வரிசை நிற்கும். எட்டு சில்லுகள் தரவுக்கு. ஒன்பதாவது, மற்ற எட்டும் சொன்னது சரியா என்று பார்க்க. 256 கிலோபிட் சில்லுகளில் இரண்டு வரிசை, 64 கிலோபிட் சில்லுகளில் இரண்டு வரிசை என்றால் மொத்தம் 640 கேபி. சில்லுகளின் முதுகைக் கண்ணாடியால் பார்த்தால் பலவற்றில் மலேசியா என்ற பெயர் அச்சாகியிருக்கும். இண்டெல் 1972இலேயே பினாங்கில் தொழிற்சாலை திறந்தது. சிரம்பானை அடுத்த செனவாங்கிலும் மின்னணுத் தொழில் வேரூன்றியது. தோட்டங்களிலிருந்து கம்பெனி பேருந்தில் ஏறிப்போன பெண்கள் இத்தகைய ஆலைகளில் நுண்ணோக்கிக்குக் கீழே தலைமுடியினும் மெல்லிய கம்பிகளைச் சில்லில் ஒட்டினார்கள். ஒரு சில்லை விரல்நுனியால் தொடும்போது அந்தக் கைகளை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

மின்சாரம் கொடுக்கும் முன் ஒரு சோதனை கட்டாயம். பலகையின் 12 வோல்ட் தடத்தில் துளி வடிவ டாண்டலம் கெப்பாசிட்டர்கள் இருக்கும். பல ஆண்டு உறங்கியவற்றில் ஒன்றாவது உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கலாம். அப்படியே சுவிட்சைப் போட்டால் ஒன்று பவர் சப்ளை மூச்சுக் காட்டாமல் அடங்கும், இல்லையேல் கெப்பாசிட்டர் தீப்பொறியோடு வெடிக்கும். மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு தடத்துக்கும் தரைக்கும் இடையே தடையை அளந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். அடுத்து, பவர் சப்ளையிலிருந்து வரும் இரு இணைப்பிகள். அவை ஒரே மாதிரி இருக்கும். மாற்றிச் செருகினால் பலகையே போய்விடும். கறுப்புக் கம்பிகள் நான்கும் நடுவில் அருகருகே வர வேண்டும் என்பது இந்தத் தொழிலில் கைவைத்த எவரும் மறக்காத பாடம்.

இனி சுவிட்ச். மின்னழுத்தங்கள் நிலைபெற்றதும் பவர் சப்ளை ஒரு கம்பியில் 'சரி' என்று சொல்லும். அதுவரை செயலி கட்டிவைக்கப்பட்டிருக்கும். கட்டு அவிழ்ந்ததும் 8088 எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் போகும்: தான் அறிந்த ஒரு மெகாபைட் உலகின் உச்சிக்குப் 16 பைட் கீழே. அங்கே பயோஸின் முதல் கட்டளை காத்திருக்கிறது. இந்தக் கட்டத்தின் அழகு என்னை எப்போதும் ஈர்க்கிறது. நினைவகம் இன்னும் நம்பத்தக்கதல்ல. அந்தச் சில்லுகள் சில மில்லிவினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படாவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடும். புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கிவைக்க வேண்டியதும் இதே நிரல்தான். ஆகவே தொடக்க அடிகளை பயோஸ் எதையும் எங்கும் எழுதிவைக்காமல், செயலிக்குள் இருக்கும் சில பதிவகங்களை மட்டும் கொண்டு நடக்கிறது. தன்னைச் சோதிக்கிறது, தன் வரிகளைக் கூட்டிச் சரிபார்க்கிறது, நேரச் சில்லை ஓடவிடுகிறது, அதைக் கொண்டு நினைவகத்தை விழிக்க வைக்கிறது. அதற்குப் பிறகுதான் அதற்கு எழுதிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது.

இந்த முதல் கட்டத்தில் யாரேனும் குரல் கொடுக்காவிட்டால் பலகை ஊமையாக நின்றுவிடும். திரையும் இல்லை, ஒலியும் இல்லை. அனுபவசாலிகள் அப்போது முதல் வரிசை நினைவகச் சில்லுகளைத்தான் சந்தேகிப்பார்கள். அவை பெரும்பாலும் குழியில் செருகப்பட்டவை என்பதால் அதே அளவுள்ள இன்னொரு வரிசையோடு இடம் மாற்றிப் பார்க்கலாம். கால்களில் படிந்த கருமை சாதாரணமாகவே தொடர்பைத் துண்டிக்கும்; கழற்றித் துடைத்து மீண்டும் அழுத்தினாலே பல பலகைகள் பேசிவிடுகின்றன. ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலியும் வந்தால் திரை அட்டையில் குறை. திரை வந்த பிறகு எண்கள் பேசும்: 201 என்றால் நினைவகம், 301 என்றால் விசைப்பலகை, 601 என்றால் பிளாப்பி. விசைப்பலகை பற்றி ஒரு சொல்: எக்ஸ்டிக்கும் அதன் பின் வந்த ஏடி வகைக்கும் செருகும் முனை ஒன்றே, பேசும் முறை வேறு. அடிப்பக்கம் இரண்டுக்கும் மாற்றும் சிறு சுவிட்ச் உள்ள விசைப்பலகை கிடைத்தால் அதைப் பொன்போலக் காக்க வேண்டும்.

பலகையில் எட்டுச் சிறு சுவிட்சுகள் கொண்ட பெட்டி ஒன்று இருக்கும். இன்றைய கணினிகளில் பக்கம் பக்கமாக விரியும் அமைப்புத் திரைகள் அனைத்துக்கும் இந்த எட்டுதான் மூதாதை. மூன்றும் நான்கும் நினைவகத்தின் அளவைச் சொல்லும், ஐந்தும் ஆறும் திரை வகையை, ஏழும் எட்டும் எத்தனை பிளாப்பி டிரைவ் என்பதை. பேனா முனையால் தள்ளி அமைத்துவிட்டால், பேட்டரி இல்லாமலே காலம் முழுக்க நினைவில் நிற்கும்.

நினைவகம் எண்ணி முடிந்ததும் ஏ டிரைவின் சிவப்பு விளக்கு எரியும். மோட்டார் சுழலத் தொடங்கும். படிக்கும் தலை கரகரவென்று வெளி ஓரத்துக்கு நகர்ந்து, பூஜ்யம் தடத்தில் இருக்கும் உணரியைத் தொட்டு நிற்கும். பிறகு குறுகிய ஒற்றைப் பீப். எல்லாரும் வந்தாயிற்று என்று பொருள்.

இங்கிருந்து கலையின் நுட்பமான பகுதி. எக்ஸ்டி அறிந்த பிளாப்பி ஐந்தேகால் அங்குலம், 360 கேபி. பக்கத்துக்கு 40 தடம், இரு பக்கம், தடத்துக்கு ஒன்பது பகுதி, பகுதிக்கு 512 பைட். நிமிடத்துக்கு 300 சுற்று; 32 மைக்ரோவினாடிக்கு ஒரு பைட் வந்துகொண்டே இருக்கும். அதை நழுவாமல் ஏந்த செயலியை நம்பாமல், தரவை நேரே நினைவகத்துக்குக் கொண்டுபோகும் தனிச் சில்லிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஸ்லாட்டில் செருகிய பிளாப்பி அட்டைக்கும் டிரைவுக்கும் இடையே 34 கம்பிகள் கொண்ட தட்டைக் கேபிள். அதன் நடுவில் ஏழு கம்பிகள் மட்டும் முறுக்கித் திருப்பப்பட்டிருக்கும். முறுக்குக்கு அப்பால், நுனியில் இருப்பது ஏ டிரைவ். முறுக்குக்கு முன்னால் இருப்பது பி. டிரைவுகளில் எந்த ஜம்பரையும் மாற்றாமல், கேபிளின் ஒரு முறுக்கே முறைமையைத் தீர்த்துவைக்கிறது. இத்தனை எளிய புத்திசாலித்தனத்தைப் பார்த்து ரசிக்காமல் கடந்துபோக முடியாது.

பிளாப்பியைத் தயாரிப்பதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். பிற்கால 1.2 எம்பி டிரைவில் 360 கேபி பிளாப்பியை எழுதினால், அதன் தலை மெலிந்தது என்பதால் மெலிந்த தடத்தையே எழுதும். பழைய எழுத்தின் மிச்சம் இரு ஓரத்திலும் நிற்கும். எக்ஸ்டியின் அகன்ற தலை இரண்டையும் ஒன்றாகக் கேட்டுக் குழம்பும். காந்தத்தால் முற்றிலும் துடைத்த பிளாப்பியில் எழுதினால் இந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது; உண்மையான 360 கேபி டிரைவிலேயே எழுதினால் தொல்லையே இல்லை. எங்கள் ஊரில் இன்னொரு கவனமும் வேண்டும். உறையின் ஜன்னல் வழியே வட்டை மெல்லச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூசணம். அதை அப்படியே டிரைவில் போட்டால் தலையில் அழுக்கு அப்பி, அடுத்தடுத்த வட்டுகளையும் கீறிவிடும். முதலில் வட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், பிறகு தலையையும்.

நல்ல பிளாப்பியை உள்ளே தள்ளி நெம்புகோலைத் திருப்பியாயிற்று. பயோஸின் கடைசி வேலை மிகச் சிறியது. பூஜ்யம் தடத்தின் முதல் பகுதியை, அந்த 512 பைட்டை மட்டும், நினைவகத்தின் 31,744ஆம் முகவரியில் இறக்கிவிட்டு, ஆட்சியை அதனிடம் கொடுத்து ஒதுங்கிக்கொள்ளும். அந்த முகவரிக்கும் காரணம் உண்டு. அது சரியாக 31 கேபி. 32 கேபி நினைவகம் மட்டுமே உள்ள மிக எளிய பிசியிலும் உச்சியில் ஒரு கேபியை எடுத்துக்கொண்டு, மீதியெல்லாம் வரப்போகிறவருக்கு விட்டுவைக்கும் ஏற்பாடு. ஐபிஎம் பயோஸ் இதை நான்கு முறை முயலும். முடியாவிட்டால் தன் சில்லிலேயே உறங்கும் பேசிக் மொழியை எழுப்பும். அந்த 512 பைட் டாஸ் இயங்குதளத்தின் இரு மறைகோப்புகளைத் தேடும், அவை கட்டளை ஏற்கும் நிரலைக் கொண்டுவரும். ஒவ்வொருவருக்கும் தெரிந்தது அடுத்தவரை எழுப்புகிற அளவுக்கு மட்டுமே. அந்த அளவே போதுமானதாக இருக்கிறது.

இந்நாளில் பிளாப்பி டிரைவுக்குப் பதிலாக யூஎஸ்பி குச்சியை ஏற்கும் கோட்டெக் என்ற கருவியைப் பொருத்திக்கொள்ளலாம். பழுது பார்க்கும்போது அது பெருந்துணை. குறை பலகையிலா டிரைவிலா என்று நொடியில் பிரித்துக்காட்டும். ஆனாலும் ரசிகர் என்ற முறையில் என் தீர்ப்பு உண்மையான டிரைவுக்குத்தான். தலை தடம்விட்டுத் தடம் தாவும் ஓசையே கணினி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. சீரான தாவல் என்றால் வாசிப்பு நடக்கிறது. திரும்பத் திரும்ப வெளி ஓரத்துக்கு ஓடினால் ஒரு பகுதி படிக்க மறுக்கிறது. காதுக்கு இவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்லும் கருவி இன்று அரிது.

திரையில் ஏ என்ற எழுத்தும் கூர்முனைக் குறியும் வந்து நிற்கின்றன. அடுத்து என்ன? இதே வகைக் கணினிகளின் வழியாகவும் 1980களில் தமிழ் கணினிக்குள் நுழைந்தது. திரை அட்டையின் எழுத்துச் சில்லில் 256 வடிவங்களுக்கே இடம்; அவற்றுள் தமிழுக்கு ஓர் இடம்கூட இல்லை. எட்டுப் புள்ளி அகலக் கட்டத்தில் ணகரத்தை வரைந்து பார்த்தவர்களுக்கு அந்த நெருக்கடி புரியும். அந்த இடுக்கில் வழி கண்டவர்களுள் மலேசியாவின் முத்து நெடுமாறன் ஒருவர். அவருடைய முரசு அந்தப் பத்தாண்டில் பிறந்து, பின்னாளில் முரசு அஞ்சலாக வளர்ந்து, உலகத் தமிழர் மேசைகளை அடைந்தது. கனடாவில் கே. சீனிவாசன் உருவாக்கிய ஆதமியும் அக்காலத்தது. அந்த நிரல்களும் அவற்றில் எழுதப்பட்ட கடிதங்களும் சங்க அறிக்கைகளும் பள்ளி இதழ்களும் பயணம் செய்தது பிளாப்பியில்தான்.

ஆகவே உங்கள் தோட்ட அலுவலகத்திலோ கோயில் அறையிலோ பள்ளிக் கிடங்கிலோ இப்படியொரு கணினியைக் கண்டால் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். பலகைக்கு அவசரமில்லை, அது இன்னும் பல ஆண்டு தாங்கும். பிளாப்பிக்கு அவசரம் உண்டு. காந்தப் பதிவு மங்குகிறது, பூசணம் ஏறுகிறது. பலகையை எழுப்பக் கற்றுக்கொள்வதன் முழுப் பயனும் அந்த வட்டுகளைப் படித்து நகலெடுத்துப் பத்திரப்படுத்துவதில் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் பிளாப்பிப் பெட்டியையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.