பன்றி ரூபாயும் யானையின் துதிக்கையும்

பாலிகஞ்ச், லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர் வீடுகளில் பழைய வெள்ளி நாணயத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "எங்க தாத்தா கிட்ட பன்னி ரூபாய் இருந்துச்சு, இன்னிக்கு லட்சக்கணக்குல போகும்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. இதில் பாதி மெய், பாதி கதை.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முதல் ரூபாய் 1911இல் கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகளில் அச்சானது. மன்னர் உருவத்தை அமைத்தவர் பெர்ட்ரம் மெக்கென்னல். மேலங்கியின் மேல் கிடக்கும் விருது மாலையில் சிறு யானை ஒன்று உண்டு. துதிக்கை குட்டையாகப் போனதால் ஜனங்கள் கண்ணுக்கு அது பன்றியாகப் பட்டது. முஸ்லிம் மக்கள் மனம் புண்பட்டது. அச்சான 94 லட்சத்தில் சுமார் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது, மிச்சத்தை உருக்கிவிட்டார்கள். 1912இல் யானையைத் திருத்திப் புது அச்சு வந்தது.

ஏழு லட்சம் என்பது ஒன்றிரண்டு அல்ல. 'உலகிலேயே அரிது' என்று விற்பவர் பேச்சை அடியேன் ஏற்பதில்லை. தேயாத நாணயம்தான் அரிது. புழங்கித் தேய்ந்ததற்கு அவ்வளவு மதிப்பு கிடையாது.

எங்களைப் போன்ற வியாபாரிகள் தராசை நம்புகிறவர்கள். இங்கே தராசு உதவாது. இரண்டும் 11.66 கிராம், ஒரே மாற்று வெள்ளி. ஆண்டை மட்டும் நம்பினாலும் ஏமாற்றம்தான், நானே ஏமாந்தேன். ஒரு தரகர் கொடுத்த '1911'ஐ வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், யானைக்குத் துதிக்கை நன்றாகவே நீண்டிருந்தது. 1912இன் கடைசி எண்ணைச் சுரண்டி ஒன்றாக்கியிருக்கிறார்கள்! துதிக்கையை மட்டும் பார்ப்பதும் தப்பு. தேய்ந்துபோன 1912லும் யானை பன்றி மாதிரிதான் தெரியும். ஆண்டும் துதிக்கையும் ஒத்துப்போனால்தான் சாட்சி செல்லும். எந்த ஊர் அச்சு என்பதற்கு மறுபக்கம் திருப்ப வேண்டும்: கீழே தாமரையின் அடியில் சிறு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் நம்ம கல்கத்தா.

உங்கள் பெட்டியில் ஒன்று கிடந்தால் தயவுசெய்து விபூதி போட்டுத் துலக்காதீர்கள். குத்துவிளக்குக்குச் சரி; இதற்கு அந்தத் துதிக்கைதான் முதலில் போகும்.